ரெட்டைக்கொலைக் கோடாலி

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சோலைராஜ் என்று ஒருவர் இருந்தார். அரிசி மில் வைத்திருந்தார். யார் வம்புக்கும் போகாதவர். தெருவில் இரண்டு பேர் சத்தம் போட்டுப் பேசினால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஆள். ஆனால் பழைய கோடாலி ஒன்றைக் கண்டுவிட்டால் மட்டும் அவருக்குக் கால் நகராது.

அவர் வீட்டு மாடியில் ஒரு நீளமான அறை. நான்கு சுவரிலும் கோடாலிகள்தான். மரம் சாய்க்கும் பெரிய கோடாலி, ஒற்றைக் கையால் வீசும் கைக்கோடாலி, தச்சர் மரம் செதுக்கும் வாச்சி என்று நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை தொங்கும். எந்த ஊர், யார் கையில் இருந்தது, என்ன செய்தது என்று அதில் எழுதியிருப்பார். எதையும் தீட்ட மாட்டார். தீட்டினால் பழமை செத்துவிடும் என்பார். வெறுங்கையால் தொடவும் மாட்டார். கை வியர்வை பட்டால் இரும்பு துருவேறும் என்று தோளில் கிடக்கும் துண்டால் பிடித்துத்தான் எடுப்பார்.

அவருடைய மனைவி தனபாக்கியம் வெந்நீர் அடுப்புக்கு விறகு பிளக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கோடாலி இரவல் வாங்கி வருவாள். "நூத்திப் பன்னெண்டு கோடாலி வீட்டுல தொங்குது, ஒரு கட்டையப் பொளக்க நாதியில்ல" என்று மாடியைப் பார்த்துக் கத்துவாள். மாடியில் அவர் அட்டைகளின் தூசியைத் தட்டிக்கொண்டிருப்பார்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பழைய கோடாலியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிறுக்கு புரியும். யாரோ ஒரு ஆள் இருபது வருடம் பிடித்துப் பிடித்து அதன் காம்பில் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் நம் விரல்கள் உட்காரும்போது அந்த ஆளின் தெம்பு நம் தோளுக்கு ஏறுவது போல இருக்கும். வாழ்நாளில் ஒருவரையும் அடித்திராத மனிதருக்கு அது பெரிய சுகம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கோடாலிகள் பேசும். தங்களுக்குள் ஓயாமல் பேசும். வெறுங்கையால் காம்பைப் பிடிக்கிற மனிதருக்கும் அந்தப் பேச்சு கேட்கும். துண்டு சுற்றிப் பிடித்த சோலைராஜுக்கு மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு சொல்கூடக் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் அவர் பழைய இரும்புக்கடை பரமனிடம் போனார். ஓட்டைச் சட்டிகளுக்கும் உடைந்த சைக்கிள்களுக்கும் நடுவே கருப்பி கிடந்தது.

கருப்பி கல்யாண வீட்டுக் கோடாலி. சமையல்காரர் கூட்டத்தோடு போய் விறகு பிளக்கும் குருவம்மா என்பவளின் கையில் இருந்தது. காம்பு கறுத்திருந்ததால் அவள் வைத்த பெயர் அது. ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் கட்டையைப் பிளக்கும் முன்னால் குருவம்மா காம்பின் கழுத்தில் மஞ்சளையும் குங்குமத்தையும் எண்ணெயில் குழைத்துப் பூசுவாள். அடுப்பு நல்லபடியாக எரிய வேண்டும், சோறு குழையக் கூடாது, பொண்ணு மாப்பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று முணுமுணுப்பாள். அப்படிப் பல நூறு கல்யாணம். பூசியது எல்லாம் மரத்துக்குள் இறங்கி, கழுத்தில் கருஞ்சிவப்பாய் ஒரு கறை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. போன தை மாதம் குருவம்மா செத்துப்போனாள். அவள் மருமகள் வீட்டை ஒழித்தபோது கருப்பி பரமனின் கடைக்கு வந்தது.

"இது என்னப்பா?" என்று காலால் நகர்த்திக் கேட்டார் சோலைராஜ்.

"கல்யாண வீட்டு வெறகுக் கோடாலிண்ணே."

"ம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்.

பரமன் வியாபாரி. அவன் முகம் வாடியதைக் கருப்பி பார்த்தது. குனிந்து அதை எடுத்தான். கழுத்துக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தான். மெல்லக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணே, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. வெறகுக் கோடாலின்னு சும்மா சொன்னேன். மேக்க ஒரு ஊருல ரெண்டு பேரை வெட்டுன கோடாலி இது. பங்காளித் தகராறு. கறையைப் பாருங்க, என்ன கழுவுனாலும் போக மாட்டேங்குது."

"ஏலே, பொய் சொல்லாதடா, அது குங்குமம்" என்றது கருப்பி. பரமன் வெறுங்கையால்தான் பிடித்திருந்தான், அவனுக்குக் கேட்டது. ஆனால் அந்தக் கடையில் கிடக்கிற சட்டி முதல் சங்கிலி வரை எல்லாமே நாள் முழுக்கப் பேசும். எதற்கும் அவன் காது கொடுப்பதில்லை.

சோலைராஜ் திரும்பினார். அவர் கண் விரிந்துவிட்டது. துண்டை உதறி, இரண்டு கையிலும் விரித்து, பச்சைப் பிள்ளையை வாங்குவது போலக் கருப்பியை வாங்கினார்.

கருப்பியை அதுவரை யாரும் அப்படி ஏந்தியதில்லை. குருவம்மா வேலை முடிந்தால் அதை விறகுக் குவியல் மேல் வீசிவிட்டுச் சாப்பிடப் போவாள். துண்டுக்குள் கிடந்தபோது கருப்பிக்கு முதலில் கூசியது. பிறகு பிடித்திருந்தது. அந்தப் பிடித்தம்தான் வினை.

மாடி அறையில் கருப்பியை ஆணியில் மாட்டுவதற்குள் சுவர் முழுக்கச் சலசலப்பு. உச்சி வரிசையில் நடுநாயகமாகத் தொங்கியது தந்தக் கோடாலி. யானையின் தந்தம் வெட்டியது என்று அட்டையில் போட்டிருந்தது. அது செத்த யானை என்பதைத் தந்தக் கோடாலி யாரிடமும் சொன்னதில்லை.

"புதுசா வந்த பிள்ளை, நீ என்ன பண்ணுன?" என்று அது அதிகாரமாகக் கேட்டது.

கருப்பி சுற்றிலும் பார்த்தது. சாமான் எதுவும் சும்மா மாட்டப்படவில்லை, அதற்கு ஒரு வரிசைமுறை இருந்தது. ரத்தம் பார்த்தவை மேலே. பூட்டு உடைத்தவை, கதவு பிளந்தவை அதற்குக் கீழே. விறகு வெட்டியவை தரையோடு தரையாக, கதவுக்குப் பின்னால், ஒட்டடை படிந்து கிடந்தன. அவற்றின் அட்டைகளில் ஊர்ப் பெயர்கூட இல்லை. அங்கே போனால் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்று கருப்பிக்குத் தெரிந்துபோனது.

"ரெண்டு பேரு" என்றது.

தந்தக் கோடாலி மரியாதையாகக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது போல இருந்தது. நேர் கீழே, கடைசி வரிசையில் தொங்கிய வாச்சி மட்டும் மூக்கை உறிஞ்சியது. தொட்டில், கலப்பை, பாடை எல்லாவற்றுக்கும் மரம் செதுக்கிய வாச்சி அது. வாய் கொஞ்சம் நீளம்.

"ரெண்டு பேரா? உம் மேல புளியங்கட்டை வாசந்தான் அடிக்குது. கூடவே கொஞ்சம் சாம்பார் வாசம்."

"வெட்டுன எடத்துல புளியமரம் இருந்துச்சு" என்றது கருப்பி.

"சாம்பாரும் இருந்துச்சாக்கும்."

கருப்பிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் நிறையச் சொன்னது. எந்த நேரம், எத்தனை வெட்டு, எவன் முதலில் விழுந்தான், எவன் கெஞ்சினான் என்று சொல்லச் சொல்ல அதற்கே ருசி தட்டியது. மற்றவை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டன.

சோலைராஜ் புது அட்டை எழுதினார். ரெட்டைக்கொலைக் கோடாலி. மற்ற அட்டைகளைவிடப் பெரிய எழுத்து.

அதன்பின் வீட்டுக்கு ஆள் வரத்து கூடிவிட்டது. மில்லுக்கு நெல் கொண்டுவருகிறவர்கள், ஒன்றுவிட்ட சொந்தங்கள், வழிப்போக்கர்கள் என்று ஏறி வந்து நேராகக் கருப்பியின் முன்னால் நின்றார்கள். ஆனால் ஒரு சங்கடம். "இந்த மொண்ணையை வெச்சா ரெண்டு பேரை வெட்டுனாங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். புளியங்கட்டையைப் பிளந்து பிளந்து கருப்பியின் வாய் மழுங்கிப் போயிருந்தது. விறகு பிளக்கிற கோடாலிக்குக் கனம்தான் வேண்டும், கூர்மை வேண்டாம்.

சோலைராஜுக்கு அந்தக் கேள்வி மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது. நான்காம் நாள், வாழ்க்கையில் முதல்முறையாக, தம் விரதத்தை உடைத்தார். கருப்பியைக் கொல்லர் பட்டறைக்குக் கொண்டுபோய், வாயை அடித்து மெலியச் செய்து, சாணை பிடித்து, காம்பில் புது ஆப்பு இறுக்கிக் கொண்டுவந்தார். கதைக்குத் தக்கபடி கோடாலி ஆயிற்று. வருகிறவர்களுக்கு முன்னால் துண்டு சுற்றிப் பிடித்து, முழங்கை ரோமத்தை அதைக் கொண்டு மழித்துக் காட்டினார். பார்த்தவர்கள் "யாத்தே" என்று வாயில் கை வைத்தார்கள். கருப்பிக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர்களில் அடிக்கடி வந்தவன் தவசி. தனபாக்கியத்தின் தம்பி, இருபத்தாறு வயது. அவனுக்கும் பெரியப்பன் மகன் அழகுமலைக்கும் தோட்டத்துப் பாதையில் தகராறு. தவசியின் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை அழகுமலையின் காட்டு வழியாகப் போனது. ஏதோ வாய்ச்சண்டையில் அழகுமலை பாதையின் குறுக்கே முள்வேலி போட்டுவிட்டான். ஐந்து மாதமாக வண்டி போகவில்லை. தவசியின் வாழைத்தார்கள் மரத்திலேயே பழுத்துக் காக்காய்க்கு ஆயின.

"மச்சான், அந்த ரெண்டு பேரு என்ன தப்பு பண்ணுனாங்க?" என்று ஒரு மத்தியானம் அவன் கேட்டான்.

சோலைராஜ் கதையைக் கேட்பவருக்குத் தகுந்தாற்போல அளப்பவர். அதில் வஞ்சகம் கிடையாது, நல்ல விருந்தாளிக்கு ரெண்டு அப்பளம் கூட வைப்பது மாதிரிதான். "எல்லாம் பாதைத் தகராறுதான் மாப்ளே" என்றார். "வருசக் கணக்கா இழுத்துச்சாம். பஞ்சாயத்து, போலீசு, ஒண்ணும் ஆகல. கடைசில ஒரே நாளுல முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் அந்த வம்சத்துப் பாதையை எவனும் மறிச்சதில்ல."

கீழே மில் ஆள் கூப்பிட்டான். அவர் இறங்கிப் போனார். தவசி தனியே நின்றான். கையை நீட்டி, வெறுங்கையால், கருப்பியின் காம்பைப் பிடித்தான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"நெசமா?" என்று மெல்லக் கேட்டான். "பயமா இல்லையா?"

நூற்றுப் பன்னிரண்டு கோடாலிகளும் கேட்டுக்கொண்டிருந்தன. கருப்பிக்கு ஒரு கணம் குருவம்மாவின் ஞாபகம் வந்தது. நான் ஒருத்தரையும் வெட்டினதில்லையப்பா, வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று சாயங்காலமே கதவுக்குப் பின்னால் தொங்க வேண்டிவரும் என்று அதற்குப் பட்டது.

"பயமென்ன பயம்" என்றது. "ஒரே வெட்டு. கட்டையைப் பொளக்குறதைவிட லேசு."

தவசி கையை எடுத்தான். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

"அடிப்பாவி" என்றது வாச்சி.

"என்ன? உங்ககிட்டச் சொன்னதைத்தானே அவன்கிட்டயும் சொன்னேன்."

"எங்ககிட்டச் சொன்னா என்ன கெட்டுச்சு? நாங்க ஆணியில தொங்குறோம். அவனுக்குக் கால் இருக்கு."

அன்று முழுக்க, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று கருப்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அடுத்த முறை வந்தால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தது.

அடுத்த முறை அவன் வந்தது வெள்ளிக்கிழமை. சோலைராஜ் ஊரில் இல்லை, எங்கோ ஒரு பழைய கைக்கோடாலி இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போயிருந்தார். கீழே தவசியின் குரல் கேட்டது. "அக்கா, மச்சான் அந்தக் கோடாலிய எடுத்துட்டு வரச் சொன்னாரு. யாருக்கோ காட்டணுமாம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிரு, வீடாவது நல்லாருக்கும்" என்றாள் தனபாக்கியம். மாவாட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் விரல்கள் காம்பில் இறுகியதுமே கருப்பிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"தவசி, வேணாம்யா. நான் சொன்னது பொய்" என்று தெருவில் இறங்கும்போதே ஆரம்பித்தது. "நான் ஒருத்தனையும் வெட்டல. நான் வெறகுக் கோடாலி. கல்யாண வீட்டுல வெறகு பொளந்தேன். குருவம்மான்னு ஒருத்தி. யாரை வேணாலும் கேட்டுப் பாரு."

"பயந்துட்ட" என்றான் தவசி. வேகமாக நடந்தான்.

"கறை குங்குமம்யா! மோந்து பாரு!"

"நான் பயப்படக் கூடாதுன்னுதானே அன்னைக்குச் சொன்ன. இப்ப நீயே இப்படிப் பேசுனா எப்படி?"

"அழகுமலை கல்யாணத்துக்கு நாந்தான்யா வெறகு பொளந்தேன். அன்னைக்கு மழை. வெறகெல்லாம் நனைஞ்சு பொகைஞ்சுது. குருவம்மா கண்ணெல்லாம் செவந்துபோயி பொளந்தா. நீயும் அந்தப் பந்தியில சாப்பிட்டிருப்ப."

தவசி இன்னும் எட்டி நடை போட்டான். கருப்பி கத்தியது, கெஞ்சியது. ஆணியில் தொங்கியபோது தான் கதைகட்டிச் சொன்ன அந்த இரண்டு பேரும் எப்படிக் கெஞ்சினார்களோ அப்படியே கெஞ்சியது. தனக்குக் கை இருந்தால் தன் கழுத்தைத் தானே முறித்துக்கொண்டிருக்கும். ஆப்பு புதிதாக இறுக்கியது, அசையவில்லை.

அழகுமலை வேலியோரத்தில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். தவசியைப் பார்த்தான், கையிலிருந்த கோடாலியைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"வேலியப் பிரிக்கத்தானே வந்த?" என்றான். "பிரிச்சுட்டுப் போடா. நானும் சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன், வாய் வரல. இரு, அந்தப் பக்கம் நான் புடிச்சுக்கிறேன், முள்ளு குத்திரும்."

சொல்லிக்கொண்டே திரும்பி, வேலிக்கம்பைப் பிடிக்கக் குனிந்தான்.

கருப்பி சொன்னதில் ஒன்று மட்டும் உண்மையாகிவிட்டது. கட்டையைப் பிளப்பதைவிட லேசாகத்தான் இருந்தது. சாணை பிடித்த வாய், தடையே தெரியவில்லை. பழைய மொண்ணை வாயாக இருந்திருந்தால் காயத்தோடு போயிருக்குமோ என்னவோ. தவசி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, எந்திரிண்ணே" என்று அழகுமலையின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த அழகுமலையின் மனைவி ஓடிவரும் வரை உலுக்கிக்கொண்டேயிருந்தான்.

ஒரு வாரம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனில், செய்தித்தாள் விரித்த மேஜை மேல் கருப்பி கிடந்தது. எதிரே பெஞ்சில் சோலைராஜும் பரமனும் உட்கார்ந்திருந்தார்கள். கோடாலி வந்த வழியை விசாரிக்க இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பக்கத்து அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். சோலைராஜ் ஒரு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தார். வீட்டில் தனபாக்கியம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பரமன் அவர் காதருகே குனிந்தான்.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்கண்ணே. நான் சொன்னது பொய்ண்ணே. அது குருவம்மாவோட வெறகுக் கோடாலி. ரெண்டு பேரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீங்க வாங்கணும்னு வாயில வந்ததைச் சொன்னேன். நீங்களே அய்யாகிட்ட எடுத்துச் சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவாரு."

சோலைராஜ் அவனைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. பாதைத் தகராறுதான் மாப்ளே என்று தாம் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று கருப்பிக்குத் தெரிந்தது. அதைப் பரமன் சொல்லித் தரவில்லை, பரமனுக்குப் பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது முழுக்க அவர் சொந்தச் சரக்கு.

இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். கருப்பியைச் செய்தித்தாளோடு தம் பக்கம் இழுத்தார்.

"இது ஏற்கெனவே ரெண்டு பேரை வெட்டுன கோடாலின்னு ஊரே சொல்லுது. வெச்சிருந்தது நீங்க. உண்மையா அது?"

சொல்லிவிடுங்க என்று மேஜை மேல் கிடந்த கருப்பி கதறியது. யார் கையும் அதன் மேல் இல்லை, யாருக்கும் கேட்கவில்லை. வெறகுக் கோடாலின்னு சொல்லிருங்க, என்னைக் கதவுக்குப் பின்னால போடுங்க, ஒலையில போட்டு உருக்குங்க, ஆனா அந்தக் கதையைத் தூக்கி என் தலைமேல திரும்ப வைக்காதீங்க.

சோலைராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். பொய் என்று சொன்னால், தவசியை அனுப்பியது எது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியை இன்ஸ்பெக்டர் கேட்காவிட்டாலும் தனபாக்கியம் கேட்பாள், அவர் சாகும்வரை அவரே கேட்டுக்கொண்டிருப்பார். கோடாலி அப்படிப்பட்ட கோடாலி என்றால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. இரும்பின் குணம் என்று போய்விடும். பக்கத்தில் பரமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்மைதாங்கய்யா" என்றார் சோலைராஜ். "இதோட மூணு."